கட்டளையாய் வந்த மொழி

தென்னாபிரிக்காவின் தர்பன் நகரிலே, ஆங்கிலம் பயிற்றுமொழியாயுள்ள உயர்தரப் பாடசாலையொன்றிற் சேரும் மாணவன், ஆங்கிலத்தோடு வேறொரு மொழியையும் பயிலுதல் வேண்டும். 'முதலாவது மேலதிக மொழி' என்பது அப்பாடத்தின் பெயர். பெரும்பாலும் அவன் முன்னே நிற்பவை இரண்டு: ஒன்று சூலு; மற்றையது ஆபிரிக்கான்ஸ். எதனைத் தெரிவது? இவ்வினா அங்குள்ள இல்லங்கள் பலவற்றிற் பேசப்படுவது.

2022ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி, அந்நாட்டிலே நூற்றுக்கு இருபத்துநால்வர் வீட்டிற் சூலு பேசுவோர். ஆபிரிக்கான்ஸ் பேசுவோர் ஏறக்குறையப் பதினொருவர். தர்பனைச் சூழ்ந்த நிலமோ சூலு மக்களின் நிலம். அயலவரோடு அளவளாவச் சூலு உதவும். ஆங்கிலம் அறிந்தவனுக்கு ஆபிரிக்கான்ஸ் எளிது; ஆகவே பரீட்சையிற் புள்ளி பெறலாம் என்பர் வேறு சிலர்.

எளிது என்பதிலும் உண்மையுண்டு. 'நான்', 'நீ', 'அவன்' என எழுவாய் மாறினும் வினைச்சொல் மாறாது. பெயர்ச்சொற்களுக்குப் பால் வேறுபாடு இல்லை. ஆயினும் இடர் இல்லாமலில்லை. எதிர்மறை வாக்கியத்திலே 'நி' என்னுஞ் சொல் பெரும்பாலும் இருமுறை வரும். இரண்டாவதை மறந்து புள்ளி இழப்போர் பலர். சார்பு வாக்கியத்தில் வினை இறுதிக்குச் சென்றுவிடும். ஆங்கிலம் பேசும் பிள்ளை இதிலே தடுமாறும். தமிழ் பேசுவோர்க்கோ வினை இறுதியில் நிற்பது இயல்பேயாம்.

இம்மொழி பிறந்தது நன்னம்பிக்கை முனையில். 1652இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் அங்கே நிலையம் அமைத்தனர். குடியேறியோரின் ஒல்லாந்தப் பேச்சு, கொய்கொய் மக்களின் நாவிலும், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோர் நாவிலும் பயின்று புதுவடிவு பெற்றது. வாழைப்பழத்தைக் குறிக்கும் 'பிசாங்' என்னும் மலாய்ச் சொல் இன்றும் அதில் வழங்குகின்றது. அலுவலகத்தை அவர்கள் 'கந்தோர்' என்பர். இலங்கைத் தமிழரும் அவ்வாறே சொன்னார்கள். இரு நாட்டுக்கும் அச்சொல்லைத் தந்தவர் ஒல்லாந்தரே.

அடிமைகளும் சேர்ந்து ஆக்கிய இம்மொழி, ஆள்வோர் கையிற் கருவியாயிற்று. 1925இல் அது அரச மொழியாய் ஏற்கப்பட்டது. 1974இலே, கறுப்பின மாணவர்களின் பாடசாலைகளிற் கணிதமும் சமூகக் கல்வியும் ஆபிரிக்கான்சிலேயே கற்பிக்கப்படல் வேண்டுமென்று கட்டளை பிறந்தது. மாணவர் பலர்க்கு அம்மொழி தெரியாது; ஆசிரியர் பலர்க்கும் நன்கு தெரியாது. ஒரு மொழியைக் கற்பது வேறு. அறியாத மொழியிலே கணிதம் கற்குமாறு பணிக்கப்படுவது வேறு. 1976 யூன் 16ஆந் திகதி, சொவெற்றோவில் ஆயிரக்கணக்கான மாணவர் ஊர்வலமாய்ச் சென்றனர். பொலிசார் சுட்டனர்; இளம் பிள்ளைகள் மாண்டனர். அடுத்த மாதமே கட்டளை மீளப் பெறப்பட்டது. போன உயிர்கள் மீளவில்லை. அந்நாள் இன்று இளைஞர் தினமாய், பொது விடுமுறையாய் அனுட்டிக்கப்படுகின்றது.

அப்பழி மொழியைச் சார்ந்ததன்று. ஆபிரிக்கான்சைத் தாய்மொழியாகக் கொண்டோரிற் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். ஆடம் ஸ்மோல் என்னுங் கவிஞர், கேப் நகரத்து எளிய மக்களின் ஆபிரிக்கான்சிலேயே இன ஒதுக்கலைச் சாடினார்.

ஆகவே தர்பன் மாணவன் அம்மொழியைத் தெரிந்தாற் குறையில்லை. சூலுவைத் தெரிந்தாலும் குறையில்லை. ஆனாற் புள்ளியொன்றையே கருதித் தெரிவானாயின், பரீட்சை முடிந்த மறுநாளே கற்றதை மறப்பான். யாரோடு பேச விரும்புகின்றான் என்பதை அவன் தன்னையே கேட்டுத் தெளிதல் வேண்டும். 1976இலே சொவெற்றோ மாணவர்க்கு மறுக்கப்பட்டது தெரியும் உரிமை. அது இன்று அவன் கையில் இருக்கின்றது. அதனை ஆராய்ந்து பயன்படுத்துவதே அப்பிள்ளைகளுக்கு அவன் செலுத்தும் மரியாதையாகும்.