டென்ஷன் என்ற ஒரே வார்த்தை

(புணேயில் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஆரோக்யம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிப் பேச இந்தச் சபையிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் இங்கிலீஷைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆரோக்யத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது போகப் போகத் தெரியும்.

நான் 1971-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, பிறகு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தவன். 37 வருஷம் ஃபைல் எழுதினேன். "ஐ ஆம் டைரெக்டட் டு ஸ்டேட்" என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கம் நிற்காமல் வரும். "ரிக்ரெட்" என்ற வார்த்தையை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட வருத்தப்பட்டு எழுதியதில்லை.

என் மாட்டுப்பெண் மராத்திக்காரி. அவளுக்குத் தெரிந்த தமிழ், சாப்பிடக் கூப்பிடும் அளவு. எனக்குத் தெரிந்த மராத்தி, கறிகாய் வாங்கும் அளவு. அதனால் எங்கள் ஆத்தில் பொதுப் பாஷை இங்கிலீஷ்தான். உங்களில் பலர் ஆத்திலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் சகதர்மிணி காலமானாள். காரியங்கள் முடிந்து, வந்தவர்களெல்லாம் ஊர் திரும்பினார்கள். மாட்டுப்பெண் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும், "ஹவ் ஆர் யூ ஃபீலிங், பாபா?" என்று கேட்பாள். "ஃபைன்" என்பேன். ஒரு நாள் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "லிட்டில் டென்ஷன்" என்றேன். உடனே பி.பி. மெஷினை எடுத்து வந்து என் கையில் சுற்றினாள். 128-க்கு 78. "நார்மல், பாபா" என்று நிம்மதியாக உள்ளே போய்விட்டாள்.

அவள் மேல் தப்பே இல்லை. பௌதிகத்தில் டென்ஷன் என்பது கயிற்றில் இருக்கும் இழுவிசை. துக்கத்துக்கு அந்தப் பெயரைச் சொன்னவன் நான்.

அந்த வாரம் ஆறாவது படித்துக்கொண்டிருந்த பேரன் ஒரு பயிற்சித்தாள் கொண்டு வந்தான். அது முழுக்க மன உணர்ச்சிகளுக்கான இங்கிலீஷ் வார்த்தைகள். அவனோடு உட்கார்ந்து நானும் படித்தேன்.

முதல் பாடம், அளவு. அனாய்ட், ஆங்ரி, ஃப்யூரியஸ் மூன்றும் கோபம்தான். ஆனால் தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறுவது போல ஒன்றுக்கு மேல் ஒன்று. பேப்பர்காரன் அரை மணி லேட்டாக வந்தால் அனாய்ட் போதும். நாமோ நேரே ஃப்யூரியஸுக்குப் போய்விடுகிறோம்.

இரண்டாவது, விகுதி. எனக்கு அலுப்பாக இருந்தால் நான் போர்ட். மற்றவர்களை அலுக்க வைத்தால் நான் போரிங். என் நண்பர் ஒருவர் அடிக்கடி "ஐ ஆம் போரிங்" என்பார். நாங்கள் மரியாதைக்கு மறுப்போம்.

மூன்றாவது, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போன்ற வார்த்தைகள். கல்யாணக் கூட்டத்தில் செருப்பு அறுந்தால் வருவது எம்பாரஸ்மென்ட். செய்த தப்பை நினைத்துத் தலை குனிவது ஷேம். பிறரிடம் இருப்பது நமக்கில்லையே என்பது என்வி. நம்முடையது பிறருக்குப் போய்விடுமோ என்பது ஜெலஸி. ஆத்தில் வேறு யாரும் இல்லாவிட்டால் அலோன். ஆத்து நிறைய மனுஷா இருந்தும் மனசு தனித்து நின்றால் லோன்லி. இந்தக் கடைசி ஜோடியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் நகை, அழுகை முதலாக 8 மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் 8 ஸ்தாயி பாவங்களோடு, வந்து வந்து போகிற 33 பாவங்களையும் கணக்கெடுத்திருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் டென்ஷன் என்ற ஒரே லேபிளை ஒட்டி வைத்திருக்கிறோம்.

விஞ்ஞானமும் சாட்சி சொல்கிறது. மாத்யூ லீபர்மன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் 2007-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உணர்ச்சி ததும்பும் முகங்களைப் படத்தில் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. ஆரோக்யத்துக்கும் இங்கிலீஷுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

மறுநாள் மாட்டுப்பெண் வழக்கம்போல் கேட்டாள். "ஐ ஃபீல் லோன்லி அட் காபி டைம்" என்றேன். நாற்பத்து நாலு வருஷம் அந்த நேரத்தில் என் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அதனால்.

அவள் மெஷினை எடுக்கவில்லை. இரண்டு டம்ளர் காபி கலந்து கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். "டெல் மீ அபௌட் அம்மா" என்றாள். முக்கால் மணி நேரம் பேசினேன். இலக்கணப் பிழைகள் ஏராளம். அவள் ஒன்றையும் திருத்தவில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பேரன் பேத்தியிடம் தினம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஃபைன்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

 யாருக்காவது இந்த உரை போரிங்காக இருந்திருந்தால் க்ஷமிக்கவும்.