கண்ணாடியும் சுவரும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, திருப்பரங்குன்றம்)



பண்டிதரின் நினைவாக நடக்கும் கூட்டத்தில் ஹாலிவுட் படம் ஒன்றைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். ‘தே லிவ்’ என்ற அந்தப் படத்தை ஜான் கார்பென்டர் இயக்கினார். 1988-இல் வெளிவந்தது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடித்து ஆள்வதும் மனிதர்கள் அதை எதிர்ப்பதும்தான் கதை.

வேற்றுக்கிரகவாசி தமிழ் சினிமாவுக்குப் புதியவர் அல்ல. 1963-இல் வந்த ‘கலை அரசி’யில், தன் கிரகத்துக்குச் சங்கீதம் கற்றுத்தர பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். மீட்டு வருகிறார். 2024-இல் வந்த ‘அயலா’னில் வேற்றுக்கிரகவாசி நமக்குத் தோழன். ‘தே லிவ்’ வேறு மாதிரி. அதில் ஆக்கிரமிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

வேலை தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வரும் ஒரு கட்டடத் தொழிலாளி, வீடற்றவர்களின் குடிசைகளில் ஒதுங்குகிறான். போலீஸ் புல்டோசரோடு வந்து குடிசைகளை இடிக்கிறது. பிறகு அவன் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் விளம்பரப் பலகைகளுக்குள் ‘கீழ்ப்படி’ என்ற கட்டளை ஒளிந்திருக்கிறது. பகட்டாக உடுத்தியவர்களில் பலருக்கு மண்டையோட்டு முகம். இந்த வேடத்தைக் காப்பாற்றும் அலை, ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து பரவுகிறது. பணத்துக்கு விலைபோன மனிதர்கள் அதற்குத் துணை நிற்கிறார்கள்.

1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர் செய்ததும் இத்தகைய வேலைதான். தீபாவளி போன்ற பண்டிகைகளையும் அன்றாடச் சொற்களையும் எடுத்து, அவற்றுக்கு அடியில் மறைக்கப்பட்ட பௌத்த வரலாற்றைப் படித்துக் காட்டினார். ‘வேஷ பிராமணர்’ என்ற சொல்லையே ஆண்டார். வேடத்தைக் கலைத்துப் பார்ப்பது அவருடைய முறை.

படத்தில் ஒரு சண்டை வருகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. எதிரியோடு அல்ல, நண்பனோடு. கறுப்பினத் தொழிலாளியான அந்த நண்பன் கண்ணாடியைப் போட மறுக்கிறான். அவன் கோழை அல்ல. குடும்பம் இருக்கிறது, வேலை போய்விடக் கூடாது. “படிச்சோமா, வேலைக்குப் போனோமான்னு இரு” என்று நம் வீடுகளிலும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களைப் பழிப்பதற்கில்லை. உண்மையைப் பார்த்தவர் அதற்கு விலை கொடுக்க நேரும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் படத்தோடு நாம் முரண்படும் இடங்கள் இரண்டு.

ஒன்று, எதிரியின் முகம். பண்டிதர் வேஷக்காரரை வெளியிலிருந்து வந்தவராகவே கண்டார். 1946-இல் வெளிவந்த ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் அம்பேத்கர் ஆரியப் படையெடுப்புக் கொள்கையை மறுத்தார். இந்த விவாதம் நமக்கு முக்கியமானது. சாதியைக் காப்பவருக்கு மண்டையோட்டு முகம் கிடையாது. அவர் பக்கத்துத் தெருக்காரர். நம் மொழியே பேசுகிறார். படிநிலைச் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர் வைக்கப்பட்டிருக்கிறார். அருந்ததியத் தோழரிடமும், நம் வீட்டுப் பெண்களிடமும் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் அந்தக் கண்ணாடி காட்ட வேண்டும்.

இரண்டு, முடிவு. கதாநாயகன் உயிரைக் கொடுத்து அந்த அலைபரப்பியை உடைக்கிறான். எல்லோருக்கும் உண்மை தெரிகிறது. படம் முடிகிறது.

அந்தப் படம் வந்த மறு ஆண்டு, 1989-இல், இதே மதுரை மாவட்டத்தில் எழுமலைக்கு அருகிலுள்ள உத்தப்புரத்தில் ஒரு சுவர் எழுந்தது. சுமார் 600 மீட்டர் நீளம். தலித் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்தது. அடைபட்டவர்களுக்கு அதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. சுற்றிப் போன ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள். பார்க்காதது வெளியுலகம். தீண்டாமை ஒழிப்பு முன்னணி கிராமம் கிராமமாகக் கள ஆய்வு செய்த பிறகுதான், 19 ஆண்டுகள் கழித்து அது செய்தியானது. சுவர் மேல் மின்கம்பி ஓடியதும் அப்போதுதான் தெரிந்தது. 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் சுமார் 15 மீட்டர் இடித்துப் பாதை திறந்தது.

படமாக இருந்தால் அங்கே திரை விழுந்திருக்கும். உத்தப்புரத்தில் நடந்தது வேறு. ஆதிக்க சாதியினர் ஊரை விட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். மோதல்கள் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் இளைஞர் உயிரிழந்தார். 2011 அக்டோபரில்தான் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த மாதம் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். உண்மை தெரிந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள், ஒரு உயிர், எண்ணற்ற மனுக்கள், வழக்குகள், பேச்சுவார்த்தைகள்.

ஆகவே மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். டீக்கடை, சுடுகாட்டுப் பாதை, தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை வரிசை, பள்ளிச் சத்துணவுக்கூடம் — எங்கே யார் நிற்கிறார்கள், யார் ஒதுக்கப்படுகிறார்கள் என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். திரும்பி வந்து இங்கே வாசியுங்கள். மனு எழுதவும், வழக்குப் போடவும், கூட நிற்கவும் நாம் இருக்கிறோம்.

ஜெய் பீம்.