கடல் தாண்டி நாலு நாள்

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் என்னைப் பேசச் சொன்ன தலைவி அக்காவுக்கும் செயலாளர் அக்காவுக்கும் நன்றி. எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வச்சுத்தான் வாசிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன ஆடி மாசம் எங்க குழுவில் ஐந்து பேர் யாழ்ப்பாணம் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். "குழுக் காசுல ஊர் சுத்தப் போறாளுக" என்று சில பேர் பேசினதும் தெரியும். அதனால் கணக்கை முதல்ல சொல்லிடுறேன். ஓலைப்பெட்டி முடைஞ்ச காசில் ஆளுக்கு மாசம் 1,000 ரூபாய், 20 மாசம் போஸ்ட் ஆபீஸ்ல தனியா போட்டோம். உள்கடன் ஒரு ரூபாய் எடுக்கலை. கடன் நோட்டை யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

பாஸ்போர்ட்டுக்காகத்தான் என் பத்தாவது மார்க் ஷீட்டை பீரோவிலிருந்து வெளியே எடுத்தேன். அதுவரைக்கும் அதை யாரும் கேட்டதில்லை. "சாமி கும்பிடணும்னா பழனிக்குப் போ, கடல் தாண்டி எதுக்கு"ன்னு மாமியார் கேட்டாங்க. நாலு நாளும் பிள்ளைங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதும் அவங்கதான்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'சிவகங்கை' கப்பல். நாலு மணி நேரம். அதுல பாதி நேரம் நான் வாந்திதான் எடுத்தேன், அதை விட்டுடுறேன்.

நல்லூர் கந்தசாமி கோயில்ல 25 நாள் திருவிழா நடந்துக்கிட்டு இருந்துச்சு. அங்க அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். எங்களால நம்பவே முடியலை. ஆம்பளைங்க எல்லாரும் சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போறாங்க, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். 1981-ல் எரிச்ச நூலகத்தையும் பார்த்தோம். இப்போ திரும்பக் கட்டி வெள்ளை வெளேர்னு நிக்குது.

ஆனா எனக்கு மறக்க முடியாதது நாங்க தங்கின வீட்டு அம்மாதான். "வாங்கோ, களைச்சுப் போனியளோ, தேத்தண்ணி குடியுங்கோ"ன்னு கூப்பிட்டாங்க. அந்தத் தமிழைக் கேட்கவே ஆசையா இருந்துச்சு.

ரெண்டாம் நாள் ஒடியல் கூழ் காய்ச்சினாங்க. பனங்கிழங்கை நாம அவிச்சுத் தின்கிறதோட சரி. அவங்க பச்சையா பிளந்து காயவச்சா அது ஒடியல், அவிச்சுக் காயவச்சா புழுக்கொடியல். ஒடியலை இடிச்ச மாவில் மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, புளி எல்லாம் போட்டுக் காய்ச்சுறாங்க. குடிக்கிறது பிளாவில், அதாவது பனையோலையை மடிச்ச குடுவை மாதிரி. ஒரு சொட்டு ஒழுகலை. இருபது வருஷமா ஓலை முடையிற எனக்கே அந்த மடிப்பு தெரியாது. பிரிச்சுப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்.

அப்போ எங்கள்ல ஒருத்தி, நல்ல மனசோடதான், "பிள்ளைங்க எல்லாம் எங்கம்மா இருக்காங்க"ன்னு கேட்டுட்டா. "மூத்தவன் கனடாவில. சின்னவன் 2009-ல காணாமல் போனவன்"னு அடுப்பைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. எங்க யாருக்கும் வாய் வரலை. அவங்கதான் அகப்பையை எடுத்து, "கூழ் ஆறுது, குடியுங்கோ" என்றாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க பக்கத்துலதான் பாய் போட்டுப் படுத்தோம். ரொம்ப நேரம் சின்னவனோட பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாங்க. நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம்.

திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு கிலோ ஒடியல் மா கட்டிக் கொடுத்தாங்க. காசு கொடுத்தோம், வாங்கலை. இப்பவும் வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்ல பேசுவாங்க.

வந்ததும் நானே கூழ் காய்ச்சிப் பார்த்தேன். ஒரே கசப்பு. மாவை ஊறவச்சு அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டணுமாம், நான் அப்படியே கரைச்சுட்டேன். அம்மா போன்ல சிரிச்ச சிரிப்பு! இந்தத் தை மாசம் நம்ம ஊர்க் கிழங்கையே 40 கிலோ வாங்கி, பிளந்து காயவச்சு, மாவாக்கி வச்சிருக்கோம். இன்னிக்கு மதியச் சாப்பாட்டுல அந்தக் கூழும் இருக்கு. பிளாவும் நாங்க மடிச்சதுதான். நண்டு போட்டது பெரிய அண்டாவில், கவுச்சி சாப்பிடாதவங்களுக்கு ஓரத்துல சின்னப் பாத்திரத்துல இருக்கு. மாத்தி எடுத்துடாதீங்க.