தளியும் ஈக்களும்



கர்நாடக எல்லையை ஒட்டிய தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள், அவ்வளவு குளிர்ச்சி. குளிரில் வீட்டு ஈ மெதுவாகத்தான் வளரும். வெயில் ஏறினாலோ, முட்டை ஏழு முதல் பத்து நாளில் ஈயாகிவிடும்.

அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது. தின்பண்டத்தின் மேல் எச்சிலைக் கக்கி, கரைத்து உறிஞ்சுகிறது. ருசி பார்ப்பதோ காலால்! தொழுவத்துச் சாணத்தில் நின்ற அதே கால்தான் நம் ராகிக் களியிலும் வந்து உட்காருகிறது. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் இப்படியும் பரவுகின்றன.

மாட்டின் காலில் குத்தி இரத்தம் குடிப்பது வேறு, அது தொழுவ ஈ. பார்வைக்கு வீட்டு ஈயேதான். மாடு காலை உதறிக்கொண்டே இருந்தால் கவனியுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழக் காலத்தில் கூடையைச் சுற்றும் பொடி ஈ, அழுகலின் புளிப்பு வாடைக்கு வருவது. குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு ஈ, சாக்கடைக் குழாயின் வழவழப்பில் பிறப்பது.

ஒரு வீட்டு ஈ ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். பறப்பதை அடித்து முடியாது. தொழுவச் சாணத்தை அன்றன்றே அள்ளுங்கள். எருக்குழியைத் தார்ப்பாயால் இறுக மூடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழுக்கள் செத்துவிடும்.