கல்யாணமில்லாத மாதங்களின் கணக்கு

(சுயதொழில் செய்வோருக்கும் குடும்பத்தாருக்குமாக நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஷஃபான் பாதி கடந்துவிட்டால் நம் வீடுகளில் நோன்புக் கஞ்சிக்கான ஏற்பாடு தொடங்கிவிடும். அதே நாட்களில் கல்யாணப் போட்டோ எடுக்கும் தம்பிமார்களின் வீட்டில் வேறொரு பேச்சு நடக்கும்: "இனி ஷவ்வால் வரை ஆர்டர் இல்லை. வாடகைக்கு என்ன செய்வது?" இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். புகைப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பதற்கான மேடை இதுவல்ல. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களை அழைக்கிறோம். அழைத்த பிறகு அவர்களுக்குரிய ஹக் என்ன என்பதே நம் பேச்சு.

இந்தத் தொழிலுக்கு இரண்டு காலண்டர். ரமளானில் நம் சமுதாயத்தில் கல்யாணம் இல்லை. முஹர்ரம் முதல் பத்தும் பல ஊர்களில் அப்படியே. ஸஃபர் மாதத்தைப் பீடை என்று நினைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கிய பிறகும், இன்னும் சிலர் அந்த மாதத்தைத் தள்ளிவிடுகிறார்கள். சகோதர சமுதாயத்தில் ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் குறைவு. இரண்டு சமுதாயத்துக்கும் வேலை செய்பவர் ஒன்றில் இழப்பதை மற்றதில் ஈடுகட்டுவார். நோன்பு வைத்துக்கொண்டு மாசி முகூர்த்தத்துக்குப் போய், மண்டபத்து வாசலிலேயே ஸஹர் முடித்த தம்பிமார்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமளான் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமளானும், டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் தொடங்கும். பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் மாறலாம். அதாவது ரமளானும் மார்கழியும் ஒன்றோடொன்று சேரும். இரண்டு காலண்டரும் ஒரே நேரத்தில் கடையை மூடும். அந்த நாட்களுக்கு இப்போதே தயாராக வேண்டும்.

சீசன் இல்லாத மாதத்தில் போட்டோகிராபர் சும்மா இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதும், கேமராவை சர்வீசுக்கு விடுவதும், சீசனில் எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து வைப்பதும் அப்போதுதான் நடக்கும். தேங்கிய ஆல்பங்களை முடிப்பதும் அப்போதுதான். சிலர் பள்ளிக்கூட குரூப் போட்டோ எடுக்கிறார்கள். சிலர் பெருநாளுக்கு முன் ஜவுளிக் கடைகளுக்குத் துணிகளைப் படமெடுத்துக் கொடுக்கிறார்கள். கையில் வேலை இருக்கிறது, கையில் காசுதான் இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். முன்பணம் ஒரு பங்கு, கல்யாணத்தன்று ஒரு பங்கு, மிச்சம் ஆல்பம் கொடுக்கும்போது என்பதுதான் வழக்கம். ஆல்பம் போட வேண்டுமானால் படங்களை நாம் தேர்வு செய்து கொடுக்க வேண்டும். பென் டிரைவ் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் படம் அனுப்பிவிடுகிறோம். மாப்பிள்ளை சவூதிக்குப் போய்விடுகிறார். "அவர் வந்ததும் பார்த்துச் சொல்கிறோம்" என்கிறோம். தேர்வு நடக்காததால் ஆல்பம் இல்லை, ஆல்பம் இல்லாததால் பாக்கியும் இல்லை. பிரியாணி மாஸ்டருக்கு அன்றே கணக்கு முடித்துவிட்டு இவரை மட்டும் ஒரு வருடம் அலையவிடுகிறோம். உழைப்பவரின் கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாம்.

நம் பகுதித் தம்பி ஒருவருக்கு ஒரு ரமளானில் ஐந்து வீடுகளில் பாக்கி நின்றது. அவர் மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்தார். அந்த ஐந்து வீட்டாரும் தொழுகையாளிகள், தர்மம் செய்பவர்கள். வட்டி வாங்கவும் கொடுக்கவும் அஞ்சுபவர்கள். ஆனால் அவர்கள் தாமதித்த பணம் இன்னொருவரை வட்டியின் வாசலுக்குத் தள்ளியது.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தம்பி முதலில் எங்களிடம்தான் வந்தார். நம் வட்டியில்லாக் கடன் படிவத்தில் "மாத வருமானம்" என்றொரு கட்டம் இருக்கிறது. அவரால் அதை நிரப்ப முடியவில்லை. "வைகாசியில் ஒரு கணக்கு, ஆடியில் ஒரு கணக்கு, எதை எழுதுவது மாமா?" என்று கேட்டார். மாதாமாதம் சமமான தவணை என்ற விதியைக் காட்டி நாங்கள் திருப்பி அனுப்பினோம். விதி சரியாக இருந்தது, நியாயம்தான் இல்லை. இப்போது விதியைத் திருத்தியிருக்கிறோம். பருவத் தொழில் செய்பவர்கள் சீசன் மாதங்களில் கூடுதலாகவும், மற்ற மாதங்களில் குறைவாகவும் தவணை கட்டலாம். இன்ஷா அல்லாஹ் வரும் ரமளானுக்கு முன்பே இது நடைமுறைக்கு வரும்.

தம்பிமார்களுக்கும் சொல்ல இருக்கிறது. யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரின் கனவுக்கு விளக்கம் மட்டும் சொல்லவில்லை, திட்டமும் சொன்னார்கள். செழித்த ஏழு ஆண்டின் தானியத்தில் உண்பதற்குச் சிறிதளவு போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள். உங்களுக்கு ஷவ்வாலும் மே மாத விடுமுறையும் செழித்த காலம். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அது ஆடிக்கும் ரமளானுக்குமானது. பக்கத்துக் கடைக்காரர் புது ட்ரோன் வாங்கினார் என்பதற்காகத் தவணையில் நீங்களும் வாங்காதீர்கள். பேசிய தொகையையும் கொடுக்கும் நாளையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கடனை எழுதி வைக்கும் கட்டளையைக் கொண்டது அல்பகராவின் 282ஆவது வசனம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான்.

நீண்ட காலம் இத்தொழிலில் இருக்கும் ஒரு பெரியவரிடம், "இந்த வருடம் எத்தனை கல்யாணம் பாய்?" என்று கேட்டோம். "அதைக் கேட்காதீங்க. அக்கா கல்யாணத்துக்கு எடுத்தவனைத் தங்கச்சி கல்யாணத்துக்கும் கூப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்றார். பெண்கள் பகுதியில் எடுத்த ஒரு படத்தையும், வீட்டார் சம்மதமில்லாமல் அவர் விளம்பரத்துக்குப் போட்டதில்லை. நம் பெண்களின் முகம் அவரிடம் அமானிதம். அதனால்தான் அந்த வீடுகள் அவரை மீண்டும் அழைக்கின்றன. எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

ஆகவே வெற்றியை அளக்க மூன்று கேள்விகள் போதும். ரமளான் பிறக்கும்போது முடிக்காத ஆல்பம் உண்டா? வட்டிக் கடன் உண்டா? பழைய வீடு மீண்டும் அழைத்ததா?

இந்த மூன்றில் முதல் இரண்டும் அவர் கையில் மட்டும் இல்லை, நம் கையிலும் இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த பென் டிரைவைத் தேடி எடுங்கள். படங்களைக் குறித்துக் கொடுங்கள், பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். ஆல்பம் தாமதமானாலும் பணம் தாமதமாக வேண்டாம். அவருடைய வீட்டிலும் பெருநாள் வர வேண்டும்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.