கோடரிக்காம்பான நொதியம்



நோய் என்பது வெளியிலிருந்து வரும் பகை என்றே நாம் எண்ணுகிறோம். வருவது பகைதான், ஆனால், வாயிலில் வந்து நிற்கும் அப்பகைக்குக் கதவைத் திறந்துவிடுவது யார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இன்புளுவென்சா வைரசின் மேற்பரப்பில் முட்கள்போல் நிற்கும் ஒரு புரதம் உண்டு. அம்முள்ளினால் அது நமது சுவாசக் குழாயின் கலங்களைப் பற்றிக்கொள்கிறது. ஆயினும், அப்புரதம் குறித்த ஓரிடத்தில் இரண்டாக வெட்டப்பட்டாலன்றித் தொற்று நிகழாது. வெட்டப்பட்ட புரதமே, கலத்தினுள் அமிலம் பட்டதும் வடிவம் மாறி, வைரசின் உறையைக் கலத்தின் மென்சவ்வோடு இணைத்து வழி திறக்கும்.

இவ்வாறு வெட்டுவதற்கு வைரசிடம் கத்தி இல்லை. வெட்டுவது நமது நொதியமே! உணவுப் புரதத்தைச் சமிக்கச் செய்யும் திரிப்சின் என்னும் நொதியமும் இவ்வைரசுக்கு வீரியமூட்டுவதை 1975இல் ஜெர்மனியில் கிளெங்க், ரொட் முதலிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே காம்பாவது போன்றதன்றோ இது?

வெட்டுமிடம் சிறிது மாறினாலும் விளைவு பெரிது. பறவைகளைப் பற்றும் எச்5, எச்7 வகைகள் சிலவற்றில் அவ்விடத்தில் கார அமினோ அமிலங்கள் பல சேர்ந்துவிடுகின்றன. அதனைப் பியூரின் என்னும் நொதியம் வெட்டும். பியூரினோ உடலெங்குமுள்ள கலங்களில் இருப்பது. ஆகவே சுவாசக் குழாயோடும் குடலோடும் அடங்கவேண்டிய நோய் மூளைவரை பரவிக் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்க்கிறது. 1997இல் ஹொங்கொங்கில் இத்தகைய எச்5என்1 வைரசு மனிதர் 18 பேரைப் பற்றி, 6 பேரின் உயிரைக் கவர்ந்தது. 2019இல் தோன்றிய கொவிட் வைரசின் முட்புரதத்திலும் பியூரின் வெட்டும் இடம் ஒன்றுண்டு.

அப்படியாயின் நொதியத்தைப் பழிக்கலாமா? கூடாது. நம் உடலின் புரதங்கள் பலவற்றை வெட்டிப் பக்குவப்படுத்துவதே பியூரினின் கடமை. அதை அடியோடு தடுத்தால் உடலுக்கே கேடு. ஆனால் எல்லா நொதியங்களும் அத்தகையன அல்ல. சுவாசக் குழாயிலுள்ள வேறொரு நொதியம் இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிகள், நலமாக வாழ்ந்ததோடு, சிலவகை இன்புளுவென்சாவையும் தாங்கி நின்றமை 2013இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது.

வைரசு அடிக்கடி உருமாறும். நமது நொதியம் அவ்வாறு மாறாது. ஆகையால் பகைவனைத் துரத்துவதோடு, நம் கத்தியைச் சிறிது காலம் உறையிலிட்டு வைப்பதும் மருத்துவத்துக்கு ஒரு வழியாகும். எந்தக் கத்தியை, எவ்வளவு காலம் என்று அறிவதே அறிவியலின் பணி. அப்பணிக்கு நம் இளைஞரும் முன்வரவேண்டுமெனக் கேட்டு அமைகின்றேன்.