அலமாரிமேல் ஒரு நூலகம்



பிள்ளை கதைப் புத்தகம் கேட்டால் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பஸ் ஏறவேண்டும். விலையையும் பார்க்கவேண்டும். ஆனால், பத்து அங்குலத் திரை கொண்ட பழைய மடிக்கணினி ஒன்று சில வீடுகளில் அலமாரிமேல் தூங்குகிறது. மெதுவாக ஓடுகிறது என்று ஒதுக்கிவிட்டோம். படிப்பதற்கு வேகம் எதற்கு? புதியது வாங்கச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் கூலியில்லாமல் தட்டச்சு செய்து சேர்த்தவை அந்த நூல்கள். திருக்குறள், சங்க இலக்கியம், கல்கியின் பொன்னியின் செல்வன், எல்லாமே இலவசம்.

தோட்டத்தில் லைன் கிடைக்கவில்லையா? பட்டணம் போகும் பிள்ளை பென்டிரைவில் இறக்கி வந்தால் போதும். பிறகு லைன் இல்லாமலே படிக்கலாம்.

இங்கேதான் பலர் சிரமப்படுகிறார்கள். பிடிஎஃப் கோப்பு அச்சுப் பக்கம்போல் அசையாமல் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி தள்ளிப் படிக்கப் பாட்டிக்குப் பொறுமை இருக்குமா? அதே நூல் எச்.டி.எம்.எல். வடிவில் இருந்தால் அதையே இறக்குங்கள். இணைய உலாவியில் திறந்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெருக்கும். வரியும் திரைக்குள்ளேயே மடிந்துகொள்ளும்.

பேட்டரி போய்விட்டதென்றால் வயரைச் செருகியே படிக்கலாம். விசையைப் பேரன் தட்டட்டும், பாட்டி வாசிக்கட்டும்.